எல்லாருமே 'சிரித்தார்' என்றால் எப்படி?

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் மொழிபெயர்ப்புக் கதைகளையும் வெளிநாட்டுச் செய்திகளையும் விடாமல் படிக்கிற வாசகர் நான். நீண்ட நாளாக ஒரு விஷயம் உறுத்துகிறது. ஆங்கிலத்தில் யார் எப்படிச் சிரித்தாலும் தமிழில் வரும்போது அவர் வெறுமனே 'சிரித்தார்' ஆகிவிடுகிறார்.

'சக்கிள்' என்றால் அதிகச் சத்தமில்லாமல், பெரும்பாலும் வாயைத் திறக்காமல், தனக்குள்ளே சிரித்துக்கொள்வது. அதில் பகை கிடையாது. 'ஸ்னிகர்' அப்படியில்லை, அடுத்தவர் தடுமாறுவதைப் பார்த்து அடக்கிக்கொண்டு சிரிக்கிற நமட்டுச் சிரிப்பு அது (அமெரிக்கர்கள் நடு ஓசையை வன்மையாக்கி 'ஸ்னிக்கர்' என்பார்கள், பொருள் ஒன்றுதான்). ஒரு தலைவர் கேள்வி கேட்டவரைப் பார்த்து சக்கிள் செய்தார் என்பதற்கும் ஸ்னிகர் செய்தார் என்பதற்கும் எவ்வளவு தூரம்! பின்னது கிட்டத்தட்ட ஒரு குற்றச்சாட்டு. இரண்டுக்கும் 'சிரித்தார்' என்று போட்டால் அந்தத் தலைவர் என்ன செய்தார் என்பதே வாசகருக்குத் தெரியாமல் போகிறது.

இது மொழிபெயர்ப்பாளரின் சோம்பல் மட்டுமில்லை என்று நினைக்கிறேன். ஆங்கிலம் சிரிப்பின் ஓசையை வினைச்சொல்லுக்குள்ளேயே வைத்துவிடுகிறது. 'கிகிள்' (களுக்கென்று சிரிப்பது), 'டிட்டர்' (அடக்கிக்கொண்டு மெல்லச் சிரிப்பது), 'குஃபா' (வெடித்துச் சிரிப்பது) எல்லாம் ஒலியிலிருந்து பிறந்தவைதான், குஃபா ஸ்காட்லாந்துக்காரர்கள் கொடுத்தது. நாமோ அந்த ஓசையை வினைக்கு முன்னால் வைக்கிறோம்: களுக்கென்று சிரித்தாள், கலகலவென்று சிரித்தார்கள், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். அவசரத்தில் அந்த முன்சொல்லை விட்டுவிட்டால் மிஞ்சுவது 'சிரி' மட்டும்தான். ஆங்கிலத்தில் அப்படி எதையும் கழற்றிவிட முடியாது. அதனால்தான் நமக்கு இழப்பு அதிகம், அதனால்தான் கூடுதல் கவனமும் வேண்டும்.

சொல் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. குஃபாவுக்கு வெடிச்சிரிப்பு இருக்கிறது. 'கேக்கிள்' என்பது கோழி கத்துவதற்கும் கதைகளில் சூனியக்காரி சிரிப்பதற்கும் ஆங்கிலம் வைத்திருக்கும் ஒரே சொல், நம்மிடமும் கொக்கரிப்பு கோழிக்கும் ஆணவக்காரனுக்கும் பொதுவானது. கெக்கலி, இளிப்பு, அசட்டுச் சிரிப்பு, எள்ளி நகையாடுதல் என்று இன்னும் எவ்வளவோ. தொல்காப்பியர் நகை பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்கைச் சொல்லும்போது எள்ளலைத்தான் முதலில் வைக்கிறார். சிரிப்பு எப்படிக் கேட்கிறது என்பதை விட அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தவர் அவர். ஸ்னிகரைத் தமிழாக்குபவருக்கு இதைவிட நல்ல வழிகாட்டி வேண்டுமா?

சரி, நேரான சொல் கிடைக்காத இடமும் உண்டு. 'சார்ட்டில்' என்ற சொல்லை ஆங்கில எழுத்தாளர் லூயிஸ் கரோல் 1871-இல் வெளிவந்த தன் சிறுவர் நூலில் புதிதாக உருவாக்கினார். சக்கிளையும், மூக்கால் சீறுவதைக் குறிக்கும் 'ஸ்னார்ட்' என்பதையும் சேர்த்துச் செய்தது என்கின்றன அகராதிகள். மகிழ்ச்சி தாங்காமல் மூச்சும் சிரிப்பும் கலந்து வருகிற நிலை அது. அதைத் தமிழில் ஒரு வாக்கியமாகவே எழுதலாமே, இடம் அடைத்தாலும் பரவாயில்லை.

அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் புரோவைன் மக்கள் பேசிக்கொள்வதைக் கவனித்து, பெரும்பாலான சிரிப்பு நகைச்சுவைக்குப் பின்னால் வருவதில்லை, சாதாரணப் பேச்சுக்குப் பின்னால்தான் வருகிறது என்று கண்டார். அதாவது, சிரிப்பு பெரும்பாலும் எதிரில் இருப்பவரோடு நமக்குள்ள உறவைச் சொல்கிறது. ஒரு கதையில் மருமகள் பேசியதும் மாமியார் டிட்டர் செய்கிறார், அதாவது வாயைப் பொத்திக்கொண்டு மெல்லிய குரலில் சிரிக்கிறார் என்றால், அந்தக் குடும்பத்தின் நிலைமையே அந்த ஒரு சொல்லில் இருக்கும். அதை விட்டுவிட்டுக் கதையை மட்டும் கொடுப்பது நியாயமில்லை.

என் கோரிக்கை சிறியது. மொழிபெயர்ப்பைச் சரிபார்ப்பவர்கள் 'சிரித்தார்' வரும் இடத்தில் மூலத்தை ஒருமுறை திறந்து பார்க்கட்டும். வாய் மூடியிருந்ததா, அடக்கிய சிரிப்பா வெடித்த சிரிப்பா, யாரோடு சேர்ந்து சிரித்தார், அல்லது யாரைப் பார்த்துச் சிரித்தார்? அப்புறம் அதற்கான சொல்லைப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்