டிசம்பரில் சென்னை வரும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

டிசம்பரில் வருகிறாயாம். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது உங்கம்மா சொன்னார். வந்ததும் இரண்டு பேரையும் முழு உடல் பரிசோதனைக்குக் கூட்டிப்போக ஏற்பாடு செய்துவிட்டாயாமே. செய், தப்பில்லை. ஆனால் அந்த ஃபைலில் வராத சில விஷயங்கள் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. ஜி.எச்.சில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவள் என்பதாலும், கீழ் வீட்டுக்காரி என்பதாலும் எழுதுகிறேன்.

ராத்திரி வீடியோ காலில் "எப்படிப்பா இருக்கீங்க?" என்று கேட்கிறாய். "எங்களுக்கென்ன, நல்லாத்தான் இருக்கோம்" என்கிறார் உங்கப்பா. கடல் தாண்டி இருக்கிற பிள்ளையிடம் பாதம் மரத்துப்போகிறது என்றா சொல்வார்? என்னிடம்கூட வாய்தவறித்தான் சொன்னார். அதனால் வந்த புதிதில் எதையும் கேட்காதே, பார். ஹால் நாற்காலியிலிருந்து அவர் கையை ஊன்றாமல் எழுகிறாரா? பக்கத்தில் நின்றுகொண்டு, கைகளை மார்பில் கட்டியபடி ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல். 15 விநாடிக்கு மேல் ஆனால் கால் பலம் குறைந்திருக்கிறது. இதற்கு எந்த லேபும் வேண்டாம்.

அப்புறம் பாத்ரூம். போன மாதம் கீசர் பார்க்க வந்த எலக்ட்ரீஷியனோடு நானும் மேலே போயிருந்தேன். கதவு உள்பக்கமாகத் திறக்கிறது. உள்ளே ஒருவர் விழுந்து கதவை அடைத்தபடி கிடந்தால் வெளியிலிருந்து தள்ளவே முடியாது. போதாக்குறைக்கு உங்கப்பா தாழ்ப்பாளும் போட்டுக்கொள்கிறார். வீட்டில் இருப்பதே இரண்டு பேர், யாருக்குத் தாழ்ப்பாள் என்றால், பழக்கமாம்! டாய்லெட்டிலிருந்து எழுவதற்கு அவர் பிடித்துக்கொள்வது டவல் கம்பியை. இரண்டு சின்ன ஸ்க்ரூவில் நிற்கிற கம்பி, அதில் ஒன்று ஏற்கெனவே ஆடுகிறது. துண்டைத் தாங்கும், ஆளைத் தாங்காது. சுவரில் ஆழமாகத் துளை போட்டு மாட்டுகிற ஸ்டீல் கைப்பிடி ஒன்று வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை ராத்திரி முழுக்க எரிகிற சின்ன விளக்கு வேண்டும். வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன் தம்பி, இடுப்பெலும்பு உடைந்து வருகிறவர்களுக்கு எலும்பு கூடிவிடும். படுத்துக் கிடந்ததில் போன நடைதான் பலருக்குத் திரும்புவதில்லை.

மாத்திரை டப்பாவைச் சாப்பாட்டு மேஜையில் கொட்டிப் பார். இதய டாக்டர் ஒன்று எழுதுகிறார், எலும்பு டாக்டர் இன்னொன்று எழுதுகிறார், சளி என்று போய் நின்றால் மருந்துக்கடைப் பையன் ஒன்று எடுத்துக் கொடுக்கிறான். எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்க்க ஆள் இல்லை. பிபி மாத்திரை சாப்பிடுகிறவர் முட்டிவலி மாத்திரையையும் மாதக்கணக்கில் விழுங்கினால் கிட்னி கெடலாம். சில சளி மாத்திரைகள் இந்த வயதில் மந்தத்தையும் குழப்பத்தையும் உண்டாக்கும். வருஷக்கணக்கில் மெட்ஃபார்மின் என்கிற சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு பி12 வைட்டமின் குறைவதுண்டு, கால் மரத்துப்போக அதுவும் ஒரு காரணம். நீ பணம் கட்டிய பேக்கேஜில் பி12 சேர்ந்திருக்கிறதா என்று பார்.

உங்கம்மா விஷயம் வேறு. கிருத்திகை விரதத்தை விடமாட்டார். பட்டினி கிடந்துகொண்டு சுகர் மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொள்கிறார். சில சுகர் மாத்திரைகள் வெறும் வயிற்றில் சர்க்கரையை 70க்குக் கீழே இறக்கிவிடும். வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், மயக்கமும் வரலாம். விரதத்தை நிறுத்தச் சொல்லாதே. நிறுத்தவும் மாட்டார், உன்னிடம் மறைக்கவும் ஆரம்பித்துவிடுவார். விரத நாளில் எந்த மாத்திரை, எவ்வளவு என்று டாக்டரிடம் தனியாக எழுதி வாங்கிக்கொடு.

எந்த டாக்டர் என்று கேட்பாய். முதியோர் மருத்துவம் நம் ஊருக்குப் புதிதில்லை. ஜி.எச்.சில் 1978-லேயே முதியோருக்கென்று ஓ.பி. தொடங்கியவர் டாக்டர் வி.எஸ். நடராஜன். இப்போது கிண்டியில், கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில், 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-இல் திறந்திருக்கிறது. அரசு ஆஸ்பத்திரி என்று முகம் சுளிக்காமல், எல்லா மாத்திரையையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு ஒருநாள் அங்கே போய் வா. உங்கப்பாவுக்குப் படுத்திருக்கும்போது ஒரு தடவை, எழுந்து நின்று மூன்று நிமிஷத்துக்குள் ஒரு தடவை பிபி பார்க்கச் சொல். நிற்கும்போது மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் குறைந்தால் காலையில் தலை சுற்றுவதற்குக் காரணம் கிடைத்துவிடும். ஆமாம், தலையும் சுற்றுகிறது. அதையும் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்.

காதையும் காட்டிவிடு. உங்கள் வீட்டு சீரியல் வசனம் கீழே எனக்கு வரிவரியாகக் கேட்கிறது. சரி, அதை நான் பொறுத்துக்கொள்வேன். காது மந்தமானால் மனிதர்கள் பேச்சிலிருந்து ஒதுங்கிவிடுகிறார்கள், மறதி நோய்க்கும் அது வழிவிடலாம். சாப்பாட்டில், ராத்திரி ரெண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒரு முட்டையோ கொஞ்சம் சுண்டலோ சேரட்டும். 108, முதியோர் உதவி எண் 14567, என் நம்பர் மூன்றையும் கொட்டை எழுத்தில் ஃபிரிட்ஜில் ஒட்டிவிடு.

டிரெட்மில் வாங்கப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். வேண்டாம்பா. துணி போடத்தான் ஆகும். உங்கப்பாவுக்கு நாகேஸ்வர ராவ் பூங்காதான் சரி. லஸ் பக்கம் மெட்ரோ வேலை நடப்பதால் ரோடு தாண்டப் பயந்து போவதை விட்டுவிட்டார். அவருடைய கூட்டாளிகள் இன்னும் காலையில் அங்கே அரசியல் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். தெரு முனையில் நிற்கும் ஆட்டோக்காரரிடம் மாதக் கணக்கில் பேசிவிடு, போய்வரட்டும்.

தச்சர் ஒருவரைச் சொல்லி வைத்திருக்கிறேன். நீ வருகிற வாரமே வரச் சொல்லட்டுமா? "எதுக்கு வீண் செலவு" என்று உங்கப்பா ஆரம்பிப்பார். என் வீட்டுக் கதவையும்தான் மாற்றப் போகிறேன், கூலி பாதிப் பாதி என்று அவரிடம் சொல்லிவிட்டேன். நீயும் அப்படியே சொல்லிவிடு.

அன்புடன்,
கீழ் வீட்டு அத்தை