அளவையும் சேர்த்துப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் சளி, இருமலுக்கு ஆயுர்வேதக் கைமருந்துகள் என்று ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருந்தீர்கள். துளசி, சுக்கு, மஞ்சள், ஆடாதோடை, தேன், ஆவி பிடிப்பது, ஒன்றும் விட்டுப்போகவில்லை. கைமருந்தே வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை, நானும் கைமருந்துக்காரிதான். 67 வயதாகிறது, தென்மேற்கு மழையும் வடகிழக்கு மழையும் இரண்டுமே பெய்கிற நாகர்கோவிலில் பிறந்து இங்கேயே இருக்கிறவள், வருஷத்தில் பாதி நாள் வீட்டில் யாராவது தும்மிக்கொண்டே இருப்பார்கள், அதனால் சுக்கும் மிளகும் திப்பிலியும் எங்கள் அடுக்களையில் உப்பு புளி மாதிரி. ஆனால் உங்கள் பக்கத்தில் என்னென்ன என்று இருந்ததே தவிர எவ்வளவு, எந்த வயதுக்கு, யாருக்குக் கூடாது என்று ஒரு வரிகூட இல்லை. என் மனக்குறை அதுதான்.

என் ஆச்சி சுக்கை அப்படியே தட்டிப் போடமாட்டாள். மேலே சுண்ணாம்பைத் தடவி முற்றத்தில் காயவைத்து, அப்புறம் கத்தியால் தோலைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் அம்மியில் வைப்பாள். சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு என்பாள். பெரியவர்களுக்கு ஒரு டம்ளர், எங்களுக்கு அரை டம்ளர், தம்பிக்கு இரண்டே கரண்டி, அதுவும் கருப்பட்டி கூடுதலாகப் போட்டு. வயிற்றுப்புண்காரரான எங்கள் பெரியப்பா கேட்டால் கிடையாது, போய் வெந்நீர் குடி என்று விரட்டிவிடுவாள். அவள் எந்த வைத்தியசாலையிலும் படித்ததில்லை, ஆனால் யாருக்கு எவ்வளவு என்பது அவளுக்கு மருந்தைவிட முக்கியம். இப்போது நம்மிடம் மருந்தின் பெயர்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. 2020இல் கபசுரக் குடிநீர் குடிக்கச் சொன்னார்கள், சரி, ஆனால் எங்கள் தெருவில் ஒருவர் அதை மாதக்கணக்கில் காலையும் மாலையும் காப்பிக்குப் பதிலாகக் குடித்து, நெஞ்செரிச்சல் தாங்காமல் கடைசியில் டாக்டரிடம் போனார்.

தேனில் இருந்து ஆரம்பிக்கிறேன், எனக்குப் பட்ட சூடு அதில்தான். ஐப்பசி மழையில் மகள் வயிற்றுப் பேரனுக்கு மூக்கடைப்பு, அப்போது அவனுக்கு எட்டு மாதம். பார்க்க வந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி உங்களைப் போல ஏதோ ஒரு பத்திரிகையில் படித்ததாகச் சொல்லி, துளசிச் சாற்றில் தேன் குழைத்து விரலில் எடுத்து நாக்கில் வைக்கப் போய்விட்டாள். நான் குறுக்கே கையை நீட்டியதில் அவளுக்கு இன்றுவரை என்மேல் வருத்தம். ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்குத் தேன் ஒரு துளிகூடக் கூடாது. தேனில் சில சமயம் ஒரு நச்சுக் கிருமியின் வித்து இருக்கும், நமக்கு அது ஒன்றும் செய்யாது, கைக்குழந்தையின் குடலில் அது முளைத்து விஷத்தைச் சுரந்தால் கை கால் துவண்டு, பால் குடிக்க முடியாமல், மூச்சே திணறிப்போகும். அபூர்வமாக வருவதுதான், ஆனால் நம் பிள்ளைக்கு வந்தால் அபூர்வம் என்று சொல்லி என்ன பிரயோஜனம்? ஒரு வயது தாண்டிவிட்டால் ராத்திரி இருமலுக்குத் தேன் நல்ல மருந்து, படுக்கப் போகுமுன் அரைக் கரண்டி, இங்கிலீஷ் டாக்டர்களே ஒத்துக்கொள்கிறார்கள். தேனை அடுப்பில் வைத்துச் சூடாக்கக் கூடாது என்று ஆயுர்வேதமே சொல்கிறது, நீங்களோ கொதிக்கிற கஷாயத்தில் தேனை ஊற்றச் சொல்லியிருந்தீர்கள்.

அடுத்தது ஆவி. நொச்சி இலையும் மஞ்சளும் போட்டு வேது பிடித்தால் கொஞ்ச நேரம் மூக்கு திறந்து சுகமாக இருக்கும், நோய் அதனால் ஒரு நாள்கூட முன்னதாகப் போகாது. அந்தக் கொஞ்ச நேரச் சுகத்துக்காக என் தங்கை வீட்டில் ஆறு வயதுப் பெண்ணைப் போர்வைக்குள் உட்கார வைத்து, முக்காலியில் குண்டானை வைத்து, பிள்ளை மூச்சு முட்டி உதறியதில் கொதிநீர் முழுக்கத் தொடையில். பதினோரு நாள் ஆஸ்பத்திரி. இப்போது ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள், தழும்பு இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு ஆவியே வேண்டாம், மருந்துக்கடையில் விற்கிற உப்புநீர்ச் சொட்டு மூக்கில் இரண்டு சொட்டு விட்டால் போதும். பெரியவர்கள் பிடிப்பதானால் பாத்திரத்தை அசையாத மேஜையில் வைத்துவிட்டுப் பிடியுங்கள்.

தேங்காயெண்ணெயில் கற்பூரத்தைப் போட்டுக் காய்ச்சிக் குழந்தையின் நெஞ்சில் தடவுவது எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு உண்டு. நானும் என் பிள்ளைகளுக்குத் தடவியவள்தான், மறைக்கவில்லை. கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போகும், வாயில் பட்டால் இன்னும் மோசம், பிஞ்சுகளுக்கு வலிப்பு வரவைக்கக்கூடிய பொருள் அது. நெஞ்சில் தடவுகிற தைலங்கள் பலவற்றில் இரண்டு வயதுக்குக் கீழ் உபயோகிக்க வேண்டாம் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள்.

ஆடாதோடையைப் பற்றி நீங்கள் எழுதியது எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் அதன் பெருமையை இன்னும் சொல்லியிருக்கலாம். அதில் இருக்கிற வாசிசின் என்ற பொருளில் இருந்து வழி பிடித்துத்தான் ப்ரோம்ஹெக்சின் என்கிற சளி இளக்கும் மருந்தைச் செய்தார்கள், இன்றைக்கும் எத்தனையோ இருமல் சிரப்புகளில் அது இருக்கிறது. நம் வேலியோரத்துச் செடி! ஆனால் அதே வாசிசின் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும், அதனால் மாசமாக இருக்கிற பெண்கள் ஆடாதோடைக் கஷாயம் குடிக்கக் கூடாது. இதை நீங்கள் எழுதவில்லை. அதிமதுரமும் அப்படித்தான், தொண்டைக்கு இதம், ஆனால் நாள் கணக்கில் வாயில் அடக்கிக்கொண்டிருந்தால் ரத்த அழுத்தம் ஏறும். என் வீட்டுக்காரருக்கு மாத்திரை ஒழுங்காகப் போட்டும் பிரஷர் இறங்கவில்லை. டாக்டர் என்னென்னவோ கேட்டுவிட்டு, கடைசியில் சட்டைப் பையில் இருந்த அதிமதுரக் குச்சியைக் கண்டுபிடித்தார். சர்க்கரைக்காரர்களுக்குக் கருப்பட்டியும் தேனும் சர்க்கரைதான், ‘இயற்கை’ என்று சொன்னால் மீட்டருக்குத் தெரியாது.

தடுமன் வராமல் தடுக்க வழி என்று நாலு வரி எழுதியிருந்தீர்கள். குளித்துத் தலை துவட்டியதும் உச்சியில் ராஸ்நாதிப் பொடி என்கிற ஆயுர்வேத மூலிகைப் பொடியை ஒரு சிட்டிகை தேய்த்துவிடுவது இந்தப் பக்கத்துப் பழக்கம், 1956 நவம்பரில் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேரும்வரை நாங்கள் மலையாளத்தோடு இருந்தவர்கள்தானே. ஆச்சி ஒரு நாள் தவறாமல் தேய்ப்பாள். அதனால் தடுமன் வராமல் இருந்ததா என்றால், வந்தது. மழையில் நனைந்தால் மட்டும் சளி பிடித்துவிடாது, அதற்கு வைரஸ் வேண்டும், இருநூறு வகைக்கு மேல் இருக்கிறதாம், தும்மியவர் கையில் இருந்து கதவுப் பிடிக்கு, அங்கிருந்து நம் மூக்குக்கு. ஆச்சி செய்ததில் நிஜமாக உதவியது இன்னொன்று என்று இப்போது தோன்றுகிறது, வாசலில் குடமும் செம்பும் வைத்திருப்பாள், வெளியே போய் வந்தவர் யாராக இருந்தாலும் கை கால் கழுவாமல் உள்ளே நுழைய முடியாது.

வந்துவிட்டால் பெரும்பாலும் ஏழு நாளிலிருந்து பத்து நாளில் அதுவாகவே போய்விடும், இருமல் மட்டும் இன்னும் ஒரு வாரம் இழுக்கும். அதுவரை மிளகு ரசம், சுக்குக் காப்பி, உப்பு வெந்நீரில் தொண்டை கொப்பளிப்பது, பாலில் மஞ்சளோடு ஒரு சிட்டிகை மிளகு (மிளகு சேர்ந்தால்தான் மஞ்சள் உடம்பில் ஒழுங்காகச் சேரும்), தூக்கம். ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது, கடைக்காரரிடம் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். சிரப் விஷயத்திலும் கவனம் வேண்டும். 2025இல் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாராவில் கலப்பட இருமல் சிரப் குடித்து எத்தனை பிஞ்சுகள் போயின, அது தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அப்போது மத்திய சுகாதாரத் துறை, இரண்டு வயதுக்குக் கீழ் இருமல் சளி மருந்தே கொடுக்க வேண்டாம், ஐந்து வயதுவரை பொதுவாகத் தேவையில்லை என்று சொன்னது.

எப்போது கஷாயத்தை ஓரம் வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதையும் போடுங்கள். பிள்ளை அழாமல் சும்மா இருக்கும்போது ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ண வேண்டும். இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுவரை 50, அதற்குமேல் ஐந்து வயதுவரை 40, இதை எட்டினாலோ தாண்டினாலோ, மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ அது வெறும் தடுமன் இல்லை. இரண்டு மாதம் ஆகாத சிசுவுக்குக் காய்ச்சல் என்றால் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டாம், கிளம்பிவிட வேண்டும்.

உங்கள் பக்கத்தை வெட்டி வைத்துக்கொள்கிறவர்கள் நிறைய. நேற்று சம்பந்தியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன், ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. அவர்கள் காப்பி போடப் போன நேரத்தில், தேன் வரிக்குப் பக்கத்தில் ‘ஒரு வயதுக்கு மேல் மட்டும்’ என்று பேனாவால் எழுதிவிட்டு வந்தேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நாகர்கோவில்