ஞாயிறு சந்திப்பு: மீன் விலையும் செல்போனும்

வணக்கம். ஞாயிறு மாலை 5 மணி, முதுநகரில் வழக்கமான இடம். பொருளியல் பேராசிரியர் ஒருவர் நம்மோடு பேசுகிறார்.

பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன், செல்போன் வந்ததால் மீன் விலை எப்படி மாறியது என்று 2007இல் வெளியிட்ட ஆய்வின் சுருக்கத்தையாவது படித்துவிட்டு வாருங்கள். கேரளத்தில் 1997 முதல் செல்போன் வசதி வந்ததும், மத்தி பிடிக்கும் படகுகள் கடலிலிருந்தே விலை கேட்டு, நல்ல விலை கிடைக்கும் கரையில் மீனை இறக்கின. மீனவர் லாபம் சுமார் 8% கூடியது. வாங்குவோருக்கு விலை 4% குறைந்தது.

இதை அப்படியே நம் துறைமுகத்துக்குப் பொருத்திவிடாதீர்கள். முன்பணம் கொடுத்த வியாபாரிக்கே மீனைப் போடவேண்டிய படகுக்கு விலை தெரிந்து என்ன பயன்? கேள்வி அங்கிருந்து வரட்டும்.

ஆளுக்கு ஒரு கேள்வி, 30 நொடி. "தொழில்நுட்பம் நல்லதா, கெட்டதா?" வேண்டவே வேண்டாம், வழவழ பதில்தான் கிடைக்கும். பதிவு செய்பவர் போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, பேசுபவருக்கு ஒரு முழத்துக்குள் வைக்கவும். ஃபேனுக்கு நேர்கீழே வைத்தால் இரைச்சல்தான் பதிவாகும்.