கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சுகம். கண்மாயில் முக்கால்வாசி தண்ணீர் நிற்கிறது. ஆலங்குடி அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நீ என்னிடம் பேசி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. அம்மாவிடம் பேசுகிறாய், தெரியும். நான் உள்ளே வந்தால் அவள் போனை வைத்துவிடுகிறாள். உனக்கு வேலை அதிகமாக இருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு.

தருமபுரியில் எழுத்தறிவுத் திட்டத் தன்னார்வலர்களுக்கு நீ பயிற்சி கொடுப்பதை இங்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் நீங்கள் எப்படிச் சொல்லிக்கொடுத்தீர்கள் என்று அன்றைக்குக் கேட்டாய். ஏதோ அவசரத்தில் அப்புறம் சொல்கிறேன் என்றேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

1991. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த நேரம். புதுக்கோட்டை மாவட்டம் முழுக்க ராத்திரியானால் அரிக்கேன் விளக்குதான். எனக்குக் கிடைத்தது கீழத்தெரு. பாதிப் பேர் குவாரியில் சல்லி உடைக்கிறவர்கள். பாடப்புத்தகத்தின் முதல் சொற்களில் 'பட்டா' இருந்தது. ப, ட்டா என்று பிரித்து எழுதிக் காட்டிவிட்டுத் திரும்பினால், ஒரு பெரியம்மா கேட்டார்: "எழுத்து கிடக்கட்டும் தம்பி, நாங்க குடியிருக்கிற மனைக்குப் பட்டா யார் பேர்ல இருக்கு?" அவ்வளவுதான், ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எந்த மனை, யார் கொடுத்தது, கைநாட்டு வாங்கிக்கொண்டு போன காகிதம் எங்கே என்று மண்ணெண்ணெய் தீரும்வரை பேச்சு. அன்றைக்கு ஓர் எழுத்துகூட ஏறவில்லை. ஒரு ராத்திரி வீண் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் பார்த்தால் கூடுதலாக ஏழு பேர் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரே வாரத்தில் 'பட்டா' எல்லோருக்கும் எழுத வந்தது.

பயிற்சிக்கு வந்தவர் ஒருவர் பாவ்லோ பிரேயிரேயைப் பற்றிச் சொன்னார். பிரேசில்காரர். 1963இல் அங்கே அஞ்ஜிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 பேருக்கு நாற்பது மணி நேரத்தில் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார். புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. முதலில் போய் ஜனங்களோடு உட்கார்ந்து, அவர்கள் வாயில் புழங்குகிற சொற்களைக் கேட்டார். அதிலிருந்துதான் பாடம். செங்கல் சுமக்கிறவனிடம் செங்கல் என்ற சொல், அதோடு செங்கல் சுமக்கிறவனுக்கு ஏன் வீடில்லை என்ற கேள்வியும். அடுத்த வருஷமே ராணுவம் ஆட்சியைப் பிடித்து அவரைச் சிறையில் போட்டது, பிறகு நாட்டை விட்டே போக வேண்டியதாயிற்று. எழுத்து மட்டும் சொல்லிக்கொடுத்திருந்தால் விட்டிருப்பார்கள். இங்கே குவாரிகளையே பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்கு விட்டார்களே, அதுவும் அந்த மாதிரிப் பேச்சின் பலம்தான் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

அதனால் உன் தன்னார்வலர்களிடம் சொல்: முதலில் கேட்கட்டும், அப்புறம் சொல்லிக்கொடுக்கட்டும். ஒருத்தர் பேசும்போது குறுக்கே விழக் கூடாது. இதை நீ எனக்கே பாடம் எடுப்பாய். தீபாவளிக்கு வந்தபோது, "வெளியில கேட்டீங்கப்பா, வீட்டில கேட்டீங்களா?" என்று ஒரு வார்த்தை சொன்னாய். பெற்றவனிடம் பேசுகிற பேச்சா என்று எனக்குக் கோபம். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ராத்திரி கதவைத் தாழ்ப்பாள் போட்டுத்தானே படுக்கிறாய்? நேரத்துக்குச் சாப்பிடு.

1992 மகளிர் தினத்தன்று புதுக்கோட்டையில் 1,500 பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டிக்கொண்டு சைக்கிளில் போனார்கள். கீழத்தெருப் பெண்களின் பெயர்களை எழுதிக் கொடுத்தது நான்தான். அதில் உன் அம்மா பெயர் இல்லை. எழுதவேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை பாப்பா. அதற்கு முன்னால் ஒரு நாள் அவள் சிலேட்டில் தன் பெயரை எழுதிக் காட்டினாள். நீ அவள் இடுப்பில் இருந்தாய். கடைசி எழுத்தின் கொம்பை வலப்பக்கம் போட்டிருந்தாள். நான் சிரித்தேன். உள்ளங்கையால் அழித்துவிட்டு நானே திருத்தி எழுதிக் கொடுத்தேன். அந்தச் சிலேட்டை அவள் என் முன்னால் மறுபடி எடுக்கவே இல்லை. வடக்குத் தெருவில் பத்தாவது பெயிலான பெண் ஒருத்தி நடத்திய வகுப்புக்கு உன்னையும் தூக்கிக்கொண்டு போய் அவள் படித்தது எனக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் தெரியும். இப்போதும் பேங்கில் நான் வெளியே உட்கார்ந்திருந்தால்தான் கையெழுத்துப் போடுகிறாள்.

தீபாவளிக்கு மறுநாள் திண்ணையில் நீ, "அப்பா, ஒண்ணு சொல்லணும்" என்றாய். நீ வாயைத் திறக்கும் முன்னாலேயே, "மாப்பிள்ளைக்கு ஆயிரம் வேலை இருக்கும், நீதான் அனுசரித்துப் போகணும்" என்றேன். நீ எழுந்து உள்ளே போய்விட்டாய். அன்றிலிருந்து அந்தத் திண்ணையில் உட்கார முடியவில்லை.

பொங்கலுக்கு வா. ஒருத்தியாக வந்தாலும் சரி. எத்தனை நாள் இருந்தாலும் சரி. நீ பேசி முடிக்கும்வரை நான் வாய் திறக்க மாட்டேன்.

கீழே நாலு விரற்கடை இடம் விட்டிருக்கிறேன். அம்மா எழுதுவாள். அவள் எழுதும்போது நான் கண்மாய்ப் பக்கம் போய்விடுகிறேன். ஒட்டி, தபாலில் போடுவதும் அவள்தான்.

அப்பா