பதினொரு வீடு, ஒரே குழாய்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வடமாநிலத் தொழிலாளர்களால் உள்ளூர் மக்கள் படும் சிரமம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். திருப்பூரில் இருபத்தாறு வருடமாக பவர் டேபிள் (மோட்டாரில் ஓடும் தையல் மெஷின்) டெய்லராக இருக்கிறேன். சிரமம் உண்மைதான். அது யாரால் வருகிறது என்பதில்தான் எனக்கு வேறு கருத்து.

நான் குடியிருப்பது லைன் வீட்டில். பதினொரு வீட்டுக்கு ஒரே குழாய், இரண்டு கக்கூஸ். முன்பெல்லாம் வீட்டுக்கு நாலு பேர். இப்போது ஆறு வீடுகளில் ஒடிசா, பீகார் பையன்கள். அறைக்கு எட்டுப் பேர், ஷிப்ட் மாற்றி மாற்றித் தூங்குகிறார்கள். வீட்டு ஓனர் தலைக்கு இவ்வளவு என்று வாடகை வாங்குகிறார். குழாய் மட்டும் அதே ஒன்றுதான். தண்ணீர் வரும் நாளில் விடிகாலை நாலு மணிக்கே குடங்கள் வரிசையில் நிற்கும். சண்டை வந்தால் பையன்களுக்குத்தான் திட்டு விழும். வாடகை வாங்குகிறவர் காதில் அது விழுவதே இல்லை, அவர் வீடு வேறு தெருவில்.

கூலியும் அப்படித்தான். தொழிற்சங்கமும் முதலாளிகள் சங்கமும் பேசி முடிக்கும் கூலி, கான்ட்ராக்டில் வரும் பையன் கைக்குப் போய்ச் சேர்வதில்லை. அவனுக்குக் குறைத்துக் கொடுக்க முடிகிற வரைக்கும் நான் கூட்டிக் கேட்டால் யார் தருவார்கள்? வெளிமாநிலத் தொழிலாளரைக் கூட்டி வருகிறவர் அவர்களைப் பதிவு செய்ய வேண்டும், தங்க ஒழுங்கான இடம் தர வேண்டும் என்று 1979-லேயே சட்டம் வந்தது. எங்கள் லைனில் கேட்டுப் பார்த்தேன். அப்படி ஒரு பதிவைப் பற்றி ஒருவனுக்கும் தெரியவில்லை.

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது, பக்கத்து அறைப் பையனின் அம்மா போனில் அழுத அழுகை, இந்தி தெரியாத எனக்கே புரிந்தது. பீகார் அரசு அனுப்பிய குழு திருப்பூருக்கு வந்து பார்ப்பதற்குள் அந்த அறை காலியாகிவிட்டது. நான் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து இங்கே வந்த புதிதில், 'தெக்கத்தி ஆளுகளுக்கு வீடு இல்லை' என்று மூன்று தெருவில் திருப்பி அனுப்பினார்கள். அதனால் அவன் மூட்டை கட்டியதை என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

இப்போது கடைசி வீட்டில் ஒரு பீகார் குடும்பம். மூன்றாம் வகுப்புப் படிக்கும் அவர்கள் பெண், குழாயடியில் என் மனைவியிடம், "அக்கா, இது எங்க குடமுங்க" என்கிறாள். அந்தக் கொங்கு 'ங்க' எனக்கே இன்னும் சரியாக வராது!

2021-இல் நடக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனது. பழைய எண்ணிக்கையை வைத்துத் தண்ணீரும் சாக்கடையும் திட்டமிட்டால் எங்கள் லைன் இப்படித்தான் இருக்கும். தலைக்கு வாடகை வாங்குகிற ஓனர், தலை எண்ணிக்கைக்கு ஏற்ப குழாயும் கக்கூஸும் கட்டித் தர வேண்டும் என்று அதிகாரிகள் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அறை அறையாக வந்து எண்ணட்டும். வருவதானால் ஞாயிற்றுக்கிழமை மாலையில் வரட்டும், மற்ற நாளில் பாதிப் பேர் ஷிப்டில் இருப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
15 வேலம்பாளையம், திருப்பூர்.