மண்ணில் உள்ள ஆர்செனிக்கையும் எழுதுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். குடிநீரில் கலக்கும் ஆர்செனிக் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை தெளிவாக இருந்தது. ஆனால் இந்த நஞ்சு மண் வழியாகவும் வயிற்றுக்குள் போகும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. தவழும் வயதுப் பிள்ளைகளை நாள்தோறும் பார்க்கும் மருத்துவர் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

மண் தின்னும் பழக்கமே இல்லாத குழந்தையும் மண்ணை விழுங்கத்தான் செய்கிறது. தரையில் ஊன்றிய கை வாய்க்குப் போகும்; கீழே விழுந்த பொம்மையும் அங்கேதான் போகும். இப்படி ஒரு நாளில் 100 மில்லிகிராம் மண் உள்ளே போவதாக வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ மண்ணில் 100 மில்லிகிராம் ஆர்செனிக் உள்ள இடமென்றால், அந்தத் துளி மண்ணிலேயே 10 மைக்ரோகிராம் (ஒரு மில்லிகிராமில் நூறில் ஒரு பங்கு) ஆர்செனிக் இருக்கும். ஒரு லிட்டர் குடிநீருக்கு உலக சுகாதார அமைப்பு வைத்திருக்கும் வரம்பும் அதே 10 மைக்ரோகிராம்தான். வேண்டுமென்றே மண் தின்னும் பிள்ளை 5 கிராம் தின்றால் 500 மைக்ரோகிராம்! இதில் ஒரு பகுதி மண் துகளோடு ஒட்டியபடியே வெளியேறிவிடும், உண்மைதான். ஆனாலும் அந்தச் சின்ன உடம்புக்கு மிச்சமே அதிகம்.

உலோகத் தாதுவை உருக்கும் ஆலை, தங்கச் சுரங்கக் கழிவு, ஒரு காலத்தில் ஈய ஆர்செனேட் என்ற பூச்சிமருந்து தெளித்த பழத்தோட்டம், கெடாமலிருக்க ஆர்செனிக் மருந்து ஏற்றிய மரப்பலகை நின்ற இடம் — இங்கெல்லாம் மேல்மண்ணை நம்ப முடியாது. ஆர்செனிக் ஒரு தனிமம், மக்கிப் போகாது. தோட்டம் போய் வீடு வந்த பிறகும் அங்கேயே கிடக்கும். மணமும் சுவையும் இல்லாததால் மண்ணைச் சோதிக்காமல் கண்டுபிடிக்கவும் வழியில்லை.

ஒரே தடவையில் நிறைய உள்ளே போனால் வாந்தி, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு வரும். எனக்குக் கூடுதல் கவலை தருவது, கொஞ்சம் கொஞ்சமாகப் பல ஆண்டுகள் சேர்வதுதான். உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துப்போகும், தோலில் புள்ளிகள் வரும். தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்றுநோய் வரும் ஆபத்தும் உண்டு.

மண் தின்னும் பிள்ளையை அடிக்காதீர்கள். இந்தப் பழக்கத்தோடு சேர்ந்து வரக்கூடிய இரும்புச்சத்துக் குறைவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆர்செனிக் சந்தேகம் இருந்தால் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். ரத்தத்திலிருந்து அது சீக்கிரம் நீங்கிவிடும். சிறுநீரிலும் அண்மைய சில நாட்களின் கணக்குதான் தெரியும் என்பதால் தள்ளிப்போட வேண்டாம். பரிசோதனைக்கு முந்தைய சில நாட்கள் மீன், இறால் கொடுக்காதீர்கள். அவற்றில் உள்ள தீங்கற்ற ஆர்செனிக் அளவைக் கூட்டிக் காட்டும்.

அப்புறம், சாப்பிடும் முன் கை கழுவுவது, செருப்பை வாசலிலேயே விடுவது, தரையை ஈரத்துணியால் துடைப்பது, வெறும் மண்ணைப் புல்லாலோ சுத்தமான மண்ணாலோ மூடுவது எல்லாமே உதவும். ஆனால் பழைய ஆலை நிலத்தில் விளையாட்டுத் திடல் அமைப்பவர்கள் மண்ணைச் சோதிக்காமல் வேலையைத் தொடங்கக் கூடாது. அந்தச் சோதனை முடிவைப் பெற்றோர் கேட்டு வாங்கலாம் என்பதையும் உங்கள் அடுத்த கட்டுரையில் சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
குழந்தைகள் நல மருத்துவர் ஒருவர்