"குனியாதீங்க" என்று எதுவரை?

முதுகுவலிக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவர்களுக்கும் பிசியோதெரபிஸ்டுகளுக்கும்,

வணக்கம். ஆறு வருடங்களுக்கு முன்னால் உங்களில் ஒருவர் என் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "டிஸ்க் பிதுங்கியிருக்கு. இனிமே குனியாதீங்க, வெயிட் தூக்காதீங்க" என்றார். எத்தனை நாளைக்கு என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆறு வருடமும் குனியாமலே இருந்தேன். கீழே விழுந்த பேனாவை மண்டியிட்டு எடுத்தேன். கையை நீட்டிக்கொண்டு ஓடிவரும் குழந்தையைத் தூக்காமல் தலையை மட்டும் தடவிக் கொடுத்தேன். வலி முதல் வருடத்திலேயே பாதியாகிவிட்டது. பயம் மட்டும் அன்று இருந்த அளவிலேயே இருந்தது.

வலியே இல்லாத 20 வயதுக்காரர்களிலும் சுமார் 30 சதவீதம் பேருக்கு ஸ்கேனில் டிஸ்க் பிதுக்கம் தெரியும், 80 வயதில் அது 84 சதவீதம் என்று 2015-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு சொல்கிறது. இதை அன்றைக்கே யாராவது சொல்லியிருக்கலாம்.

இன்னொன்று. முதுகு நன்றாக இருப்பவர் முழுக்கக் குனிந்ததும் அவருடைய முதுகுத் தசைகள் தளர்ந்துவிடும். தசையின் மின்பதிவில் கோடு அடங்கிப்போவது தெரியும். எங்களைப் போன்ற நாள்பட்ட வலிக்காரர்களில் பலருக்கு அது அடங்குவதில்லை. மெதுவாக, பாதிவரை, விறைத்துக்கொண்டே குனிகிறோம். காவல் காப்பதாக நினைத்து நாள் முழுக்க இறுகிக் கிடக்கும் தசை வலிக்காமல் என்ன செய்யும்?

நான் எத்தனை பாகை குனிகிறேன் என்று ஒவ்வொரு முறையும் அளந்தீர்கள். சரி, அளங்கள். ஆனால் அந்தப் பாகையை வைத்து ஒருவர் அன்றாட வேலையில் எவ்வளவு முடங்கியிருக்கிறார் என்று பெரிதாகச் சொல்லிவிட முடியாது. வலியைவிட வலியைப் பற்றிய பயமே ஆளை அதிகம் முடக்கக்கூடும் என்று எலும்பு அறுவை மருத்துவர் கார்டன் வாடெல் 1993-லேயே எழுதி, அந்தப் பயத்தை அளக்க ஒரு கேள்வித்தாளையும் கொடுத்தார். அசைவதற்கான பயத்தை அளக்க 17 கேள்விகள் கொண்ட டாம்பா அளவுகோலும் இருக்கிறது. சில நிமிட வேலைதான். "குனிந்தால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்?" என்று ஆறு வருடத்தில் ஒருவர்கூட என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால், "டிஸ்க் வெளியே வந்து விழுந்துவிடும்" என்று சொல்லியிருப்பேன். சிரிக்காதீர்கள், உண்மையாகவே அப்படித்தான் நம்பினேன்.

கால் பலவீனமானாலோ சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ அது வேறு கதை, உடனே பார்க்க வேண்டியது. அப்படி எதுவும் இல்லாதவர்களைப் பற்றித்தான் பேசுகிறேன்.

மாத்திரை எழுதும்போது ஐந்து நாள், பத்து நாள் என்று குறிக்கிறீர்கள். "குனியாதீங்க" என்பதையும் அதே சீட்டில் நாள் குறித்து எழுதுங்கள். அந்த நாள் முடிந்ததும் எங்களை வரச் சொல்லி, உங்கள் எதிரிலேயே ஒரு முறை குனிய வையுங்கள்.

இப்படிக்கு,
இப்போதுதான் குனியப் பழகும் ஒரு நோயாளி